இரண்டு புள்ளி

ஜூன் 1, செவ்வாய்

அக்னி முடிந்துவிட்டதாம். காலண்டர் சொல்கிறது, டோல்கேட் வெயில் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் லாரி இன்றும் இல்லை. காலையில் டிரெய்லர் லாரிகளின் டீசல் பம்ப் இரண்டு கடைக்கு வந்தன. ஒன்றைச் சரிசெய்தாயிற்று. இன்னொன்று உள்ளே தேய்ந்துபோனது. டிரைவர் என்னைத் திட்டினான், என்னமோ நான் உட்கார்ந்து தேய்த்த மாதிரி.

மா. 4. கரீம் வந்தான். கையில் அவன் வண்டியின் பெட்ரோல் பம்ப், துணியில் சுற்றி. துறைமுகத்தில் கஸ்டம்ஸ் ஏலத்தில் எடுத்த ஜப்பான் கார். மூன்று வருஷமாக ராயபுரம் ஷெட்டில் அதோடுதான் குடித்தனம். பேப்பர் கிடையாது, ரோட்டில் ஓட்ட முடியாது. எஞ்சினில் பிஸ்டனே இல்லை. முக்கோணமாக இரண்டு ரோட்டர் சுற்றுகின்றன. ஒவ்வொரு முனையிலும் தீக்குச்சி கனத்தில் ஓர் இரும்புப் பட்டை, அதுதான் சீல். அது உடைந்தால் எஞ்சின் போச்சு. மாற்று சீல் இந்த ஊரில் எவனிடமும் இல்லை.

டீசல் பம்ப் அளக்கிற பெஞ்சில் பெட்ரோல் ஏற்ற மாட்டேன். கடைக்குப் பின்னால் வெட்டவெளி, பக்கத்தில் மணல் வாளி, அளவுக் குழாய் மட்டும் பெஞ்சிலிருந்து. நிமிஷத்துக்கு:

வண்டியின் சொந்த ஒயரில் 1.9 லி.
பேட்டரியிலிருந்து நேராகத் தடி ஒயர் இழுத்து 2.3 லி.

"அப்ப பம்பு மேல தப்பில்ல மாமு, ஒயருதான் திருடன்" என்றான். சிரித்தோம். வீட்டுக்காரி கலா மிக்ஸியைக் கடைக்கே கொடுத்தனுப்பியிருக்கிறாள். நாளை பார்க்க வேண்டும்.

ஜூன் 3, வியாழன்

பல்வலி. கிராம்பு.

எஞ்சினுக்குள் பெட்ரோல் பீச்சுகிற இன்ஜெக்டர் நான்கும் அளந்தேன். தலா அரை நிமிஷம்: 272, 270, 271, 238 மி.லி. கடைசியதை மூன்று தடவை சுத்தம் செய்து 264க்குக் கொண்டுவந்தேன். அதற்கு மேல் வரவில்லை.

ஆக நான்கும் முழுசாகத் திறந்தே இருந்தாலும் நிமிஷத்துக்கு 2.15 லிட்டர். பம்ப் எவ்வளவு தள்ளினால் என்ன, வாசல் அவ்வளவுதான். ஓய்வே இல்லாமல் திறந்து கிடந்தால் சூடேறி ஒட்டிக்கொள்ளும். நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு நேரம் திறக்கலாம், அதுதான் எல்லை.

புதுப்பேட்டை முழுக்க கரீம் அலைந்துவிட்டான். பெரிய இன்ஜெக்டர் இல்லை. ஜப்பானிலிருந்து வரவழைத்தால் இரண்டு மாதம்.

மிக்ஸி பார்க்கவில்லை.

ஜூன் 5, சனி

கரீமுக்கு விசா வந்துவிட்டது. ரியாத்தில் ஒர்க்‌ஷாப் வேலை. 20ஆம் தேதி ஃபிளைட். இரண்டு வருஷத்துக்குத் திரும்ப முடியாது. வண்டியை அவன் தம்பி ஒரு வாரம்கூட வைத்திருக்க மாட்டான்.

13ஆம் தேதி சோழவரத்தில் நேர்க்கோட்டு ரேஸ். பேர் கொடுத்துவிட்டான். மூன்று வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தான்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவின் அழுத்தம் 8 பவுண்டில் இன்ஜெக்டர் 78 பங்கு நேரம் திறக்கிறது, மீட்டரில் பார்த்தது. அதை வைத்து:

10 பவுண்டு – 85.
14 பவுண்டு – 99. காகிதத்தில்.

"பதினாலு வை மாமு. ஒரே ஒரு தபா."

"பத்து. அதுக்கு மேல ஒரு பவுண்டு கெடையாது. யானைப் பசிக்கு சோளப்பொரி போட்டுகினு கீறோம், தெரியுதில்ல?"

காலால் டயரைத் தட்டினான். பிறகு, "நீ சொன்னா சரி. நீ அளந்தா அளந்ததுதான்" என்றான். அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு அது பெருமையாக இருந்தது, எழுதிவைக்க வெட்கமில்லை.

மறக்காமலிருக்க: *பெட்ரோல் டர்போவில் பெட்ரோல் குறைந்தால்தான் சூடு. குறைந்தால் நேரம் தவறி வெடிக்கும், சீல் உடையும். டீசலுக்கு நேர்மாறு.* இரண்டு கோடு போட்டிருக்கிறேன். டீசலில் இருபத்திரண்டு வருஷம். அங்கே டீசல் கூடினால் கறுப்புப் புகை, சூடு, வாடிக்கையாளர் சண்டை. குறைத்தால் எல்லாம் அடங்கும்.

ஜூன் 9, புதன்

மணலிப் பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு கம்பெனி. உள்ளே நல்ல ரோடு. வாட்ச்மேன் தெரிந்தவர். வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே ஓட்டிப் பார்த்தோம். பத்து பவுண்டு.

கரீமின் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த சின்னப் பெட்டியை சீட்டுக்குப் பக்கத்தில் பொருத்தியிருக்கிறோம். ஐந்து திருகு. வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் கூடும், இடப்பக்கம் குறையும், புள்ளி புள்ளியாக. மேல் வேகத்துக்கான கடைசி இரண்டையும் கூட்டியே வைத்தோம். எல்லையை ஒட்டி ஓடுகிற வண்டி, கொஞ்சம் அதிகமாகக் குடிக்கட்டும்.

வேகம் அசாத்தியம். வயிறு முதுகில் ஒட்டிக்கொண்டது. ஆனால் பின்னால் கரும்புகை, ஒரு தெரு மறைகிற அளவுக்கு.

கேட் அருகே நின்ற லாரிக்காரர்களில் ஒருவர் என் வாடிக்கை. "இன்னா சேகரு, காரையும் லாரியாக்கிட்டியா?" மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தும் அது காதிலேயே இருந்தது.

"பொகை வரட்டும் மாமு, அதான் நமக்கு மெத்தை" என்கிறான் கரீம். சரிதான். எனக்கே தெரியும்.

ஜூன் 12, சனி

பெட்ரோல் வாங்கினோம். பங்கில் ஏழுமலை அண்ணன், எங்கள் தெருக்காரர், பத்தொன்பது வருஷமாக அங்கே சூப்பர்வைசர். நான் கேட்டதற்காக, டேங்கர் வந்து இறக்கியதும் ஆள் அனுப்பினார். எங்கள் கண்ணெதிரே அடர்த்தி பார்த்தார், வடிதாளில் சொட்டு விட்டுக் காட்டினார். கறை இல்லை.

"ரேசுக்குப் போற வண்டி, நாளைக்கு எம்மேல சொல்லக்கூடாது பாரு" என்றார்.

இரண்டு கேன். கரீம் இரவல் வேனின் முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக் கொண்டுபோனான். பல் தேவலை.

ஜூன் 13, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் எங்கேயும் இருக்காது.

கா. 10. முதல் ஓட்டம். நல்ல நேரம். புகை அப்படியே. ஓரத்தில் இருந்த கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு கூச்சல். மைக்கில் ஒருத்தன், "கார்ப்பரேஷன் கொசு வண்டி வந்துருச்சு" என்றான். சோழவரமே சிரித்தது. என் கடை பேர் அந்தக் கதவில் ஒட்டியிருக்கிறது. கரீம் ஆசைப்பட்டு ஒட்டியது.

இரண்டாவது ஓட்டத்துக்குக் கையெழுத்துப் போட கரீம் போனான். நான் வண்டிக்குள் தனியாக. புகைச் சூட்டு மீட்டரில் முதல் ஓட்டத்தின் உச்ச ஊசி 900ஐத் தாண்டி நின்றது. இந்த எஞ்சினுக்கு அது வழக்கம், தெரியும். லாரியில் அந்த எண்ணைப் பார்த்தால் ஓடிவிடுவேன். கண்ணாடியில் பின்பக்கம் கரி படிந்திருந்தது.

கை போனது. கடைசி இரண்டு திருகையும் இடப்பக்கம். இரண்டு புள்ளி. இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ ஆயிரம் பம்ப்புக்குச் செய்ததையே செய்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். செய்யும்போது தப்பு என்று தோன்றவில்லை. நிம்மதியாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கரீமிடம் சொல்லவில்லை.

புகையே இல்லை. சுத்தமாகப் போனது. கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். முக்கால் தூரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை. அப்புறம் நொண்டி நொண்டி நின்றது.

ஓடினேன். கரீம் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து குனிந்திருந்தான். அவன் நிமிர்வதற்குள் இரண்டு திருகையும் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டேன்.

முதலில் செய்தது பழக்கம். இரண்டாவது பழக்கம் இல்லை.

ஜூன் 14, திங்கள்

ஷெட்டில் எஞ்சினைப் பிரித்தோம். பின் ரோட்டரில் ஒரு சீல் மூன்று துண்டு. துண்டு உள்ளேயே சுற்றி சுவரைக் கீறியிருக்கிறது. சரிசெய்ய வழி இல்லை.

கரீம் அழவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தான். பம்ப்? அளந்தோம், சரி. இன்ஜெக்டர்? சரி. அழுத்தம்? பத்துதான், மீட்டரில் அவனே பார்த்தான். பெட்டி? அவனே டார்ச் அடித்துப் பார்த்தான். வைத்தது வைத்தபடி.

"பெட்ரோலு. பெட்ரோலு ஒண்ணுதான் பாக்கி. இன்னாத்தயோ கலந்துகீறான் அந்தாளு."

"நம்ம கண்ணு முன்னாலதானே டெஸ்ட் பண்ணாரு" என்றேன்.

"கண்ணு முன்னால ஒண்ணு காட்டி, கேன்ல ஒண்ணு ஊத்தினா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. பிறகு அவன், "உன் கையாலதான் மாமு இத்தினி நாள் உயிரோட இருந்துச்சி" என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

மா. 5. எண்ணெய் கம்பெனி ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். வேகம், எல்லாவற்றிலும் வேகம்.

ஜூன் 17, வியாழன்

கலா குழாயடியில் கேட்டு வந்து சொன்னாள். பெட்ரோல் பங்கு முதலாளி ஏழுமலை அண்ணனை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டாராம், விசாரணை முடிகிறவரைக்கும். "அவரு போய் கலப்படம் பண்ணுவாரா? எவன் கெளப்பிவுட்டானோ" என்றாள்.

நான் மிக்ஸியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. வேறொன்றுமில்லை.

இரண்டு பம்ப் வந்தது. இரண்டையும் மூன்று தடவை அளந்தேன். என் கண்ணையே நம்ப முடியவில்லை.

ஜூன் 20, ஞாயிறு

விமான நிலையம். பகல் ஃபிளைட். கரீம் குடும்பம் மொத்தமும் ஒரு வேனில். அவன் அம்மா விடாமல் அழுதுகொண்டிருந்தார்.

தள்ளுவண்டியை நான் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் பின்னால். சொல்லிவிட்டேன். ஏழு நாள் சுமந்ததை ஒரே மூச்சில்.

"நான்தான் கொறச்சேன் கரீமு. ரெண்டாவது ஓட்டத்துக்கு முன்னால. ரெண்டு புள்ளி. நீ எறங்குனதும் திருப்பி வெச்சிட்டேன். பெட்ரோல்ல ஒண்ணும் இல்ல. ஏழுமலைண்ணன் மேல தப்பே இல்ல."

நின்றான். என் முகத்தைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிரித்தான். "அந்தாளு உன் தெருவு. வேலை போச்சுன்னு கேட்டிருப்ப. அதுக்காவ உம்மேல போட்டுக்கற."

"சத்தியமா கரீமு."

"டீசல்ல ஒரு சொட்டு மாறினா தூங்க மாட்ட நீ. நீ கொறச்சியா? நான்தான் பெட்டிய என் கண்ணால பார்த்தேனே." தோளில் கை போட்டு இறுக்கினான். "ரொம்ப நல்லவன் மாமு நீ. அதான் உன்னோட பேஜாரு."

வாசலில் போலீஸ்காரர் டிக்கெட் கேட்டார். உள்ளே போய்விட்டான். கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டினான். நானும் காட்டினேன்.

புகாரை அவன் வாபஸ் வாங்கப்போவதில்லை.

ஜூன் 21, திங்கள்

வண்டியைத் தம்பி பழைய இரும்புக்குப் பேசிவிட்டான். கதவில் ஒட்டியிருந்த என் கடை பேரை உரித்துக்கொண்டு வந்தேன். பாதிதான் வந்தது.

ஜூன் 22, செவ்வாய்

காலையில் பத்து நிமிஷம் மழை. கடை வாசல் சேறு.

மணி 11. ஏழுமலை அண்ணன் கடைக்கு வந்தார். வெளுத்த சட்டை, சவரம் செய்த முகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, ஒரு ஒத்தாசை. உங்க லெட்டர்பேடுல ஒரு வரி. அந்த வண்டிக்குப் போட்ட பெட்ரோல்ல கொறை இல்லைன்னு. நீங்க அளக்கறவரு, உங்க பேச்ச கம்பெனிக்காரங்க கேப்பாங்க."

எழுதினேன். மூன்று தாள் கிழித்தேன். நான்காவதில்: "பெட்ரோலில் குறை இல்லை. எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அளவை உரிமையாளருக்குத் தெரியாமல் குறைத்தவன் நான். எஞ்சின் உடைந்தது அதனால்தான்." கையெழுத்து. கடை முத்திரை.

கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். கரீமைப் போல அவர் சிரிக்கவில்லை. அப்படியே நம்பிவிட்டார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. நேத்திக்குத்தான் பங்குல என் எடத்துக்கு வேற ஆளு போட்டாங்க."

"ஆமாண்ணா" என்றேன்.