பொம்பளைக் கைக்குத் திரும்பாத வண்டி

28.6.83, செவ்வாய்

தல்லாகுளம் திருப்பத்தில் இன்றும் ஸ்டியரிங் இறுகிக்கொண்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து காப்பி டம்ளரைத் தூக்கினால் தோள் வலிக்கிறது.

இந்த பியட் இத்தனை வருடத்தில் இப்படிப் படுத்தியதில்லை. சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊருக்கு எடுத்துப் போய் வந்ததிலிருந்துதான், கொஞ்சம் கொஞ்சமாக. எடுத்துப் போன கொழுந்தன் கருத்தக்கண்ணனையும் குறை சொல்ல முடியாது. கழுவித் துடைத்து, "எண்ணெயெல்லாம் ஊத்தித்தான் கொண்டாந்திருக்கேன் மதினி" என்று பெருமையாகச் சாவியைக் கொடுத்தான்.

1.7.83, வெள்ளி

மேட்டூரிலிருந்து அவர் டிரங்க் கால். போன வாரம் வண்டியை ஓட்டிப் பார்த்த கருத்தக்கண்ணன் முந்திக்கொண்டு அவரிடம் பேசியிருக்கிறான்.

"பொம்பளைக் கைக்கு அது இனிமே திரும்பாதாம்ல. தம்பிகிட்டக் குடுத்துரு. ஊர்ல ஆம்பளைக ஓட்டிக்கிடுவாங்க. பத்தாந்தேதி வருவான்."

நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

2.7.83

கொடுக்க மாட்டேன்.

3.7.83, ஞாயிறு

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பெருமைக்காகவா? இல்லை. அவருக்கு மேட்டூர் மாற்றலாகும்வரை நான் எங்கே போவதென்றாலும் யாராவது கூட்டிப் போக வேண்டும். யாருக்கு எப்போது தோது என்று பார்த்து என் விருப்பத்தை வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது கல்லூரி விட்டதும் எந்தத் தெருவில் திரும்பலாம் என்று நானே முடிவு செய்கிறேன். அவ்வளவுதான். அந்த அவ்வளவை விட முடியாது.

6.7.83

வண்டியோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஸ்டியரிங் பாக்ஸுக்குள் கியர் ஆயில் இருக்க வேண்டுமாம். பானெட்டைத் திறந்து, பாக்ஸ் மூடியைக் கழற்றி, விரலை விட்டுப் பார்த்தால் பிசின். மஞ்சளாக, கம்பி இழுக்கிறது. இது எப்படி எண்ணெயாகும்?

வண்டி எண்ணெய்க் கடையில் தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் கேட்டேன். "சாரை வரச் சொல்லுங்கம்மா, நம்பர் மாறிப் போயிரும்."

"சார் வந்தாலும் தொண்ணூறுதான்" என்றேன். கொடுத்தார்.

9.7.83, சனி

நாளை வந்துவிடுவான். இன்று விட்டால் இல்லை.

முன்சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, பாக்ஸில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பினார். "கார்ல உக்காந்தும் ஊர் போய்ச் சேராத ஒரே ஆள் நான்தான்டி." ஊசிக் குழாயில் ரப்பர் டியூப் மாட்டி உறிஞ்சினால், ஊற்றிய மண்ணெண்ணெய் ஊற்றியபடியே திரும்பி வருகிறது. பிசின் அசையவில்லை. மதியம்வரை இதே கதை. அழுகை வந்தது. மாமிக்குத் தெரியாமல் பானெட்டுக்குள் குனிந்துகொண்டேன்.

என் கையைத் துடைக்க வந்த மாமி மோந்து பார்த்தார். "வெளக்கெண்ணெய்டி இது. பேதிக்குக் குடுக்கறச்சே எங்காத்துல இந்த நாத்தம்தான்."

விளக்கெண்ணெய்! ஊரில் மாட்டு வண்டி அச்சுக்கு ஊற்றுவதை என் காருக்கும் ஊற்றியிருக்கிறான். விளக்கெண்ணெய் மண்ணெண்ணெயில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். வருடா வருடம் இரண்டாம் வருட கெமிஸ்ட்ரி வகுப்பில் நான் நடத்துவதுதானே — விரலில் ஒட்டியபோது ஏன் தெரியவில்லை?

மருந்துக் கடைக்கு நடந்தே போய் ஸ்பிரிட் வாங்கி வந்தேன். ஊற்றி, திருப்பி, உறிஞ்சி. மறுபடி. சேற்றுத் தண்ணீர் போல வந்தது, கடைசியில் தெளிந்தது. நன்றாகக் காயவிட்டுத்தான் கியர் ஆயில். ஜாக்கியை இறக்கி, கே.கே. நகரையே ஒரு சுற்று சுற்றி வந்தேன். பக்கத்து சீட்டில் வந்த மாமியும் ஒருவழியாக ஊர் போய்ச் சேர்ந்தார்.

10.7.83, ஞாயிறு

வந்தான். ஸ்பிரிட் ஆவியாகிப் பேசினில் மிஞ்சியிருந்த பிசினைக் காட்டினேன்.

"நம்ம வண்டி அச்சுக்கு ஊத்துறதுதான் மதினி. வீட்ல ஆட்டுன சுத்தமான எண்ணெய்." அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. வண்டியில் ஏறித் திருப்பிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "அடேயப்பா, எம்புட்டு லேசாப் போச்சு. சரி, சாவியக் குடுங்க. வெயிலுக்கு முன்ன போயிருவேன்."

"திரும்பலைன்னுதானே எடுத்துட்டுப் போக வந்த? இப்பத்தான் திரும்புதே."

"அண்ணன் சொல்லித்தான் வந்தேன். அவருகிட்ட என்னன்னு சொல்ல?"

"மதினி குடுக்கலைன்னு சொல்லு."

சொல்லியாயிற்று. சோறு போட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நானே கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

12.7.83

டிரங்க் கால் இல்லை.

24.7.83, ஞாயிறு

காலை பஸ்ஸில் அவர் வந்தார். அழைத்து வரப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் எப்போதும் போல சாவிக்குக் கையை நீட்டினார். நான் சாவியை விரலுக்குள் மூடிக்கொண்டேன். நீட்டிய கையால் பெட்டியைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார். பிறகு வண்டியைச் சுற்றிப் போய், இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

தல்லாகுளம் திருப்பத்தில் மட்டும், "மெதுவா" என்றார்.