மூணாவது கவர்

வெள்ளக்கடை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஷீனாவுக்கு,

அப்பா எழுதுவது. மாதா தயவுல உங்கம்மா நல்ல சுகம், சாப்பாடு தூக்கம் எதுலயும் குறைவில்லை, பொறுமை போய்க் கெடக்கறது நான் ஒருத்தன்தான். நீயும் மாப்பிள்ளையும் அந்த லூதியானா குளிர்ல சுகமா இருக்கணும்னு தினம் வேண்டிக்கறோம். வாரா வாரம் போன்ல பேசறோமே, லெட்டர் எதுக்குன்னு கேப்ப. ஸ்பீக்கர்ல போட்டு, அவளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, அவளைப் பத்தியே குறை சொல்ல முடியுமா கண்ணு.

பக்கவாதம் வந்து அவ வலது கை விழுந்து எட்டு மாசமாச்சு. சேலத்துல கைக்குப் பயிற்சி கொடுக்கற நந்தினிப் பொண்ணு, எல்லா வேலையும் அந்தக் கையாலயே செய்யுங்கம்மான்னு சொல்லிருச்சு, அனுபவிக்கறது நான். பூண்டு உரிக்க உக்காந்தான்னா மத்தியானம் ஆயிருது, ரசம் பூண்டில்லாமத்தான் இலைக்கு வருது. போன வியாழக்கிழமை ஜாக்கெட் கொக்கியெல்லாம் அவளேதான் மாட்டுவேன்னு நின்னா, நான் கிட்டப் போனா மொறைக்கறா, மூணாவது கொக்கியில நிக்கறப்பவே சேலம் பஸ் போயிருச்சு. போக இருந்ததே அந்த நந்தினிகிட்டத்தான். எஸ்டேட்ல முப்பத்திரண்டு வருசம் கணக்கெழுதற ரைட்டரா இருந்து ஒருநாளும் லேட்டாப் போகாதவன், இப்ப கொக்கிக்காக பஸ்ஸை விட்டுட்டு ரோட்டுல நிக்கறேன்.

இது பத்தாதுன்னு, உனக்கு லெட்டர் போடணும், கவர் மேல விலாசத்தை அவளே எழுதணும்னு ஒரே புடிவாதம். ஸ்கூல்ல டீச்சரா இருந்தப்ப பரிசு சர்டிபிகேட்ல அத்தனை பிள்ளைங்க பேரையும் அச்சடிச்ச மாதிரி எழுதின கை அது, உனக்கே தெரியும். மொதல் கவர்ல பின்கோடு ஒண்ணெல்லாம் ஏழு மாதிரி விழுந்து, எங்கெங்கயோ சுத்திட்டு, விலாசம் தெளிவில்லைன்னு ஊட்டுக்கே திரும்பி வந்துச்சு. ஏனுங்க, ஏழு நல்லா வந்திருக்குங்களேன்னு சிரிச்சா. ரெண்டாவது கவரை ஒரு மணி நேரம் எழுதினா, அதுவும் திரும்பி வந்துச்சு. அன்னைக்குச் சிரிக்கலை. கையில அமுக்கற ரப்பர் பந்தை அலமாரிக்குள்ள போட்டுட்டா, இடது கையால சாப்பிட்டா, கொக்கியை மாட்டி விடுங்கன்னு வந்து நின்னா. பூண்டை என் மடியில போட்டுட்டுப் போயிட்டா. நாலு நாள் ரசம் பூண்டோட நேரத்துக்கு வந்துச்சு, எனக்குத்தான் எறங்கலை.

ஏன்னா கண்ணு, அந்த ரெண்டாவது கவரைக் கெடுத்தது அவ இல்லை, நான். தபாலாபீஸ் வாசல்ல நின்னு, இதுவும் திரும்பிரும்னு பயந்து, பின்கோடுல அவ எழுதின ஒண்ணு மேல என் மைப்பேனாவால அழுத்தினேன், மை பரவி எண்ணெல்லாம் ஒரே கறையாப் போச்சு. அவ எழுதினது யார் வேணா படிக்கற மாதிரி தெளிவாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் அவ கை மேல நம்பிக்கை இல்லாமப் போச்சு, அதை நினைச்சா இப்பவும் வெக்கமா இருக்குது. அஞ்சாம் நாள் சொல்லிட்டேன். அந்தக் கவரை ஜன்னல்கிட்டக் கொண்டுபோயி நொம்ப நேரம் பார்த்தா, கறை படாத எழுத்தை விரலால தடவினா, அப்பறம் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினா. திட்டிக்கிட்டே பந்தைத் தேடி எடுத்தா.

அதனால நீயும் ஞாயித்துக்கிழமை போன்ல, அம்மா நீங்க செரமப்படாதீங்க அப்பா பாத்துப்பாங்கன்னு சொல்றதை நிறுத்து. அப்பா பாத்த லட்சணம் இதுதான். செஞ்சு கொடுக்கறது சுலபம், சும்மா உக்காந்து பாக்கறதுதான் உசிரு போகுது.

மாதா உங்க ரெண்டு பேரையும் கண்ணுக்குள்ள வச்சுக் காக்கட்டும். காலையில வேலைக்குப் போறப்ப காதை மூடிக்க. இது வந்து சேர்ந்தா உடனே போன் போட்டு மொதல்ல அவகிட்டச் சொல்லு, என்னை அப்பறம் விசாரிச்சுக்கலாம். அவ இப்ப எனக்கு எதுத்தாப்புல உக்காந்து மூணாவது கவரை எழுதிக்கிட்டிருக்கா, பின்கோடுல இன்னும் ரெண்டு எண் பாக்கி. என் கை சும்மா இருக்காதுன்னுதான் இத்தனை நீளமா எழுதறேன், அவ முடிக்கற வரைக்கும் நான் பேனாவைக் கீழ வைக்கப் போறதில்லை.

உன் அப்பா,
அ. மரியஜோசப்