ஒக் கேட்டதும் நீ ஆமென்றதும்

பின் யூங் மாகாணத்திலிருந்து

அன்புள்ள தோவாவுக்கு,

துவான் எழுதுவது. நானும் நம் குட்டி ஒக்கும் நலம். உன் இடுப்பு வலி இப்போது எப்படி? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் பேசினால் ஒக் என் மடியில்தான் இருப்பாள். அவள் காதில் விழாமல் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. அதனால் உன்னோடு அங்கே வேலை பார்க்கும் ஹான் தைவானுக்குத் திரும்பும்போது கணவாய்க் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் என் மானம் போன கதை. பிள்ளையைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். டீச்சர் இந்தத் தெற்குப் பக்கத்துப் பெண். பட அட்டையைக் காட்டி, நீங்கள் முதலில் சொல்லுங்கள், பாப்பா கேட்டுச் சொல்லட்டும் என்றாள். சொன்னேன். நம் ஊர் இழுவை அவளுக்கு விளங்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டாள். ங்கே ஆன் என்றேன். அதுவும் விளங்கவில்லை. "உங்களையும் சேத்துக்கவா அண்ணே?" என்றாள். வரிசையில் இருந்த தாய்மார் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

பயப்பட ஒன்றுமில்லையாம். நம் பேச்சின் ஏற்ற இறக்கமெல்லாம் ஒக்குக்குப் பிசகாமல் வருகிறது. எழுத்துகள்தான் பாதி விழுந்துவிடுகின்றன. நாலு வயதுக்கு வெளியாட்களுக்கும் அநேகமாகப் புரியவேண்டுமாம். இவள் பேச்சு புரிகிற ஒரே ஆள் நான். குறையே அதுதான் என்கிறாள் டீச்சர். "நடுவுல நின்னு எடுத்துச் சொல்றத நிறுத்துங்க அண்ணே. அவளே சொல்லிப் புரியவைக்கட்டும்."

ஷிஃப்ட் முடிந்து வந்து, கஞ்சி வைத்து, இருவரும் கண்ணாடி முன் உட்கார்ந்து நாக்கை நீட்டி மடக்குகிறோம். எனக்குக் கண் சொருகிவிடும். அவள் மூக்கைப் பிடித்து எழுப்புவாள். யாருக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்களோ, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் வாய் திறக்காமல் இருந்தது இதனால்தான். நீ கோபம் என்று நினைத்துவிட்டாய். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டப்போவதாக நீ சொன்னதில் எனக்குக் கோபமில்லை. ஒக் உன்னிடம் ஒன்று கேட்டாள். என்னடா தங்கம் என்றாய். மறுபடி கேட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். இன்னொரு முறை கேட்டதும், "ஆமாண்டா செல்லம், ஆமா" என்றாய். புரியவில்லை என்று சொன்னால் பிள்ளை முகம் வாடிவிடும் என்றுதான் அப்படிச் சொன்னாய், எனக்குத் தெரியும்.

அவள் கேட்டது, "அம்மா, டெட்டுக்கு வருவியா?"

அன்றிலிருந்து சந்தில் எதிர்ப்படும் பெரியவர்கள் முன்னால் எல்லாம் கைகட்டி நின்று, வணக்கம் சொல்லி, அம்மா புத்தாண்டுக்கு வருகிறாள் என்கிறாள். யாருக்கும் புரிவதில்லை. சமத்து என்று தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். அந்த மட்டில் தப்பித்தேன் என்றிருந்தேன். நேற்று வீட்டுக்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "தோவா வர்றாளாமே, நீ ஒரு வார்த்தை சொல்லலியே துவான்?" என்றார். வெளியாள் ஒருவருக்கு ஒக்கின் பேச்சு முழுசாக விளங்கியது அதுதான் முதல் தடவை. டீச்சரிடம் சொன்னால் கைதட்டுவாள். ஒக் அங்கேயே குதித்தாள். நான் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டேன். சாவி கையில்தான் இருந்தது.

குளிருக்குக் கெட்டியாகப் போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நாலு நாளாவது லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். கிடைக்காவிட்டாலும் திட்டமாட்டேன். உனக்குப் புரியாமல்தான் ஆமாம் என்றாய் என்பதை மட்டும் நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

உன்
துவான்