காகிதத்தின் மணம் பற்றிப் பேசுகிறவன்

பிப்ரவரி 18
கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதம். டாக்டர் சுவரில் காட்டிய எழுத்துகளைச் சரியாகவே சொன்னேன். ஆனால் சுவரில் யாரும் நாவல் எழுதுவதில்லை. விழித்திரையும் கொஞ்சம் பழுதாம். பொடி எழுத்து இனி சிரமம் என்றார். வீட்டில் இருக்கும் அத்தனை புத்தகமும் பொடி எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடுத்த சொல்லைப் பிடிப்பதற்குள் முந்தைய சொல் மறந்துவிடுகிறது.

பிப்ரவரி 20
எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் கருவி உண்டு என்று எனக்குத் தெரியும். கள்ளக்குறிச்சி வாசகர் வட்டத்தில், ஆண்டுதோறும் புத்தக நாளன்று அதைத் திட்டுகிறவனே நான்தான். தலைப்பு 'காகிதத்தின் மணம்'. வருடா வருடம் அதே உரை, அதே கைதட்டல்.

மார்ச் 3
ஆராய்ச்சி. போனில் படித்தால் நடுவில் யாராவது காலை வணக்கம் அனுப்புகிறார்கள். டேப்லெட் கண் கூசுகிறது. மின்மைத் திரை, அதாவது இ-இங்க், என்று ஒன்று, காகிதம் போலவே மினுக்காதாம். இருட்டில் படிக்க உள்ளேயே வெளிச்சமும் உண்டாம். இதைத் தெரிந்துகொள்ளப் பார்த்த காணொளிகளின் நேரத்தில், பூதக்கண்ணாடியிலேயே ஒரு நாவலை முடித்திருக்கலாம்.

மார்ச் 14
வந்துவிட்டது. பழுப்பு அட்டைப்பெட்டி. தெருவில் யாருக்கும் தெரியாது.

மார்ச் 15
உறை வாங்க பைரோஸின் செல்போன் கடைக்குப் போனேன். "மொதல்ல டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கங்க சார். வெறும் ஸ்கிரீனோட எடுத்துக்கினு போனா மனசு கேக்காது" என்றார். எனக்கும் கேட்கவில்லை. புது வண்டியின் சீட்டில் பிளாஸ்டிக்கைக் கிழிக்காமல் ஓட்டுகிற ஊர்க்காரன்தானே நான். அளவுக்கு ஒன்றைத் தேடி எடுத்து, ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டினார்.

வீட்டில் திறந்தால், திரையில் ட்யூப் லைட். அதற்குக் கீழே என் முகம். மினுக்காத திரையை வாரக்கணக்கில் தேடி வாங்கி, அதை மினுக்க வைக்கத் தனியாகச் செலவு செய்திருக்கிறேன்.

மார்ச் 16
உரித்தெடுத்தேன். எழுத்தைப் புளியங்கொட்டை அளவுக்குப் பெரிதாக்கி, பொழுது சாயும்வரை படித்தேன். கண்ணில் ஏதோ வழிந்தது. சொட்டு மருந்தாக இருக்கும்.

மார்ச் 22
பழைய சட்டப் புத்தகம் ஒன்றின் அட்டையைக் கழற்றி, கருவியை அதற்குள் செருகியிருக்கிறேன். காகிதத்தின் காவலன், கையில் கத்தரிக்கோல்.

இன்று என் மனைவி ஜெயசுதா கேட்டாள்: "இன்னாங்க, எந்தப் புஸ்தகத்துல லைட்டு எரியுது?" காட்டினேன். "இதுக்கா இந்த ஒளிவு மறைவு? நான் வேற இன்னாமோன்னு நெனச்சி ரெண்டு நாளா பேசாத கீறேன்."

அவள் பேசாமல் இருந்ததே எனக்குத் தெரியாது. படித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 10
வட்டச் செயலாளர் காசிநாதன் போன் செய்தார். "இந்த வருசம் வெள்ளிமலையில வெச்சிருக்கோம் சார். நீங்க அதே தலைப்புதான்." உண்மையைச் சொல்லியிருக்கலாம். சரி என்றேன். சொன்னால் அந்தக் கைதட்டல் போய்விடுமே.

பழைய உரை என் பொடிக் கையெழுத்தில் இருக்கிறது. எனக்கே தெரியவில்லை. ஜெயசுதா போனில் அடித்துக் கருவிக்கு அனுப்பினாள். "இத திட்டறத இதுலயே பாத்துப் படிக்கப் போறீங்களா?" மேடையில் எடுக்க மாட்டேன், மனப்பாடம் செய்துவிடுவேன் என்றேன்.

ஏப்ரல் 23
மலைப் பாதையில் பஸ் வளைய வளைய மனப்பாடம் கலைந்தது. நான் பேச எழுந்த நேரம் மழை, ஜன்னல்களை அடைத்தார்கள், கரண்டும் போயிற்று. முதல் பத்தி வந்தது. இரண்டாவது வரவில்லை. சட்டப் புத்தகத்தைத் திறந்தேன்.

"காகிதத்தின் மணத்துக்கு ஈடு உண்டா?" என்று கருவியைப் பார்த்து வாசித்தேன்.

"சார் மூஞ்சி மட்டும் பளிச்சினு தெரியுதே" என்றது ஒரு குரல். "கையில இன்னா வெச்சிக்கினு கீறாரு?"

போன் என்று சொல்ல வாய் வரை வந்தது. "படிக்கிற கருவி. இது இல்லாம என்னால இனிமே படிக்க முடியாது" என்றேன். பிறகு, அதைத் திட்டும் உரையை அதிலிருந்தே முழுதும் வாசித்து முடித்தேன். கைதட்டலைவிடச் சிரிப்பு ஜாஸ்தி.

ஏப்ரல் 25
காசிநாதன் வீட்டுக்கு வந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். காபி குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கும் கொஞ்ச நாளா எழுத்து தெரியறதில்ல சார். வூட்ல கூட சொல்லல."

கருவியை எடுத்து வந்து வாசலிலேயே அவர் கையில் கொடுத்து, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஒரு பக்கம் படித்தார். இன்னொரு பக்கம். நான் எதிரில் இருப்பதை மறந்துவிட்டார். நெடுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினார்.

"வாங்கினதும் மேல டெம்பர் கிளாஸ் ஒட்டிடணும், இல்ல சார்?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நிதானமாக உட்காரச் சொன்னேன். அதை ஏன் ஒட்டக் கூடாது என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். எதையும் பார்த்துப் படிக்கத் தேவைப்படவில்லை.