அஞ்சாவது பட்டன்

ஐப்பசி, செவ்வாய். 1971

மழை விடவில்லை. தூக்கமும் வரவில்லை.

கல்மண்டபம் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டிய அந்தோணி செத்த பிறகு வண்டி கைமாறிவிட்டது. அதிலிருந்த பழைய ரேடியோவை மட்டும் அவன் பெண்சாதி ஸ்டெல்லா கழற்றி வைத்திருந்தாள். முள் நகரவில்லை என்று போன வாரம் என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தாள். முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருந்தது, மாற்றினேன். அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். பட்டனுக்கு ஒரு ஸ்டேஷன் என்று பிடித்து வைத்துக்கொள்கிற ரேடியோ. நாலு பட்டனில் ஸ்டேஷன் வந்தது, அஞ்சாவதை அமுக்கினால் வெறும் இரைச்சல். பழுது என்று நினைத்து, பட்டனை வெளியே இழுத்து, பாட்டு வரும் ஸ்டேஷனில் முள்ளை நிறுத்தி, உள்ளே அமுக்கினேன். பட்டன் புது இடத்தைப் பிடித்துக்கொண்டது. எந்த ரேடியோவையும் இப்படித்தான் முடித்துக் கொடுப்பேன்.

இன்று வந்தவள் நேராக அஞ்சாவதை அமுக்கினாள். பாட்டு வந்தது. அவள் முகம் சுண்டிப்போனது.

"இன்னாண்ணா பண்ணிக்கீற? இதுல எரைச்சல்தான் வரணும். கொயந்த அழுதா அவரு வண்டில போட்டு இத்த வெச்சித்தான் தூங்க வெப்பாரு."

முள்ளை நகர்த்தி நகர்த்தி இரைச்சலாகவே காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் "இது இல்லண்ணா" என்றாள். இரைச்சலில் என்னம்மா வித்தியாசம் என்று எரிந்து விழுந்தேன். கத்தியிருக்க வேண்டாம்.

"அவரு கையால வெச்சது வூட்ல இது ஒண்ணுதாண்ணா இருந்துச்சி."

ரேடியோ நனையாமல் முந்தானையால் மூடி எடுத்துப் போனாள். முள் இப்போது சறுக்காமல் ஓடுகிறது.