பங்குனிக்காக இல்லை

பங்குனி 20, ஞாயிறு

வெயில். காலை எட்டு மணிக்கே முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. கரிசல் காட்டுப் புழுதி முழுக்க எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்குத்தான் வருகிறது. கோமுவுக்குத் தலைவாரி, பேன் பார்த்து, பாவாடை துவைத்துப் போட்டாயிற்று. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். எழுந்தால் உட்கார ஆள் வேண்டும்.

டாக்டர் சொன்ன நாள் பங்குனி பத்து வாக்கில். அது தாண்டிப் பத்து நாள். இன்று மட்டும் விசாரித்தவர்கள்: பால்காரி, அடுத்த வீட்டுத் தறிக்காரர் சம்சாரம், கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்த பெண், தபால்காரர். தபால்காரருக்கு என்ன வந்தது? "இன்னும் ஒண்ணும் இல்லியாம்மா?" என்கிறார். இருந்தால் தந்தி அடிக்கிறேன் என்றேன்.

அத்தை புற்றுமண்ணைக் குழைத்து வயிற்றில் பூசினாள். பழைய தழும்பு வந்ததும் கை நின்றது. "தாயே கோமதி, இந்தத் தடவையாவது கத்தி இல்லாம" என்று முணுமுணுப்பு.

இந்த வீட்டில் மூன்று வருஷமாக ஆபரேஷன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கோமு என் வயிற்றில் குறுக்கே கிடந்தாள். மருத்துவச்சி இரண்டு நாள் வைத்து உருட்டினாள். கத்தியே கூடாது என்று மாமா வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள்தான் ரயில், தென்காசி, ஆஸ்பத்திரி. அறுத்து எடுத்தார்கள். புண் சீழ் பிடித்து மூன்று மாதப் படுக்கை. அதையெல்லாம்கூட மறந்துவிடுவேன். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது என் பிள்ளையை ஊரே பார்த்து முடித்திருந்தது. நிறம், மூக்கு, யார் ஜாடை, எல்லாம் பேசித் தீர்த்தாயிற்று. எல்லோருக்கும் கடைசியாக எனக்குக் காட்டினார்கள். அது இன்னும் ஆறவில்லை.

இந்தப் பிள்ளையை நான்தான் முதலில் பார்ப்பேன். நானே பெற்று, நானே பார்ப்பேன்.

பங்குனி 22, செவ்வாய்

மோர் புளித்துவிட்டது. கோமு மூக்கில் புளியங்கொட்டை. எடுத்தாயிற்று.

அடுக்களையில் இருந்தபடி கேட்டது. மாமா பட்டாசாலையில் பஞ்சாங்கத்தோடு. கோயில் ஆபீசில் கணக்கெழுதி ஓய்ந்த பிறகு அவருக்கு அதுதான் உத்தியோகம். எதிரே இவர்.

"சித்திரையில ஆம்பிளப் புள்ள பொறந்தா தகப்பனுக்கு ஆகாதுடே. வலி வரட்டும் வரட்டும்னு உக்காந்திருந்தா நேரா சித்திரையிலதான் போயி நிக்கும்."

"அதுக்கு நாம என்னப்பா செய்ய?"

"ஏன் செய்ய முடியாது? கத்தி வச்சா நாளை நாமளே வச்சுக்கலாம்லா. வார திங்கக்கெழம விசாகம். காலையில நல்ல லக்னம். டாக்டரம்மாட்ட சொல்லி அன்னைக்கே எடுத்துருவோம்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்குக் கத்தி கூடாது என்று என்னை இரண்டு நாள் சாகவிட்ட மனுஷன், இன்றைக்குக் கத்திக்கு நாள் பார்க்கிறார். என் வயிறு என்ன கோயில் ஆபீஸ் பீரோவா, நல்ல நேரம் பார்த்துத் திறக்க?

இவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. ராத்திரி ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். தெரிந்தேதான்.

பங்குனி 24, வியாழன். உத்திரம்

விடிவதற்குள் மாமாவும் அத்தையும் வண்டி கட்டிக்கொண்டு சாஸ்தா கோயிலுக்கு. எனக்குத் துணைக்கு இவர்.

வண்டி தெரு திரும்பியதும் சொன்னேன். "நான் தென்காசி போறேன். டாக்டரம்மாவ நானே பாத்துக் கேக்கணும். நீங்க வந்தா வாங்க, வராட்டி வீட்டப் பாத்துக்கோங்க."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும்."

கோமுவைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். ரயிலில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் ஜன்னலோரம் இடம் விட்டாள், கொய்யாப்பழம் கொடுத்தாள், எப்போது என்று கேட்கவில்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும்.

டாக்டர் அதே அம்மாள்தான். என்னை அறுத்தவர். சிரிக்கத் தெரியாதவர். வயிற்றைத் தடவிப் பார்த்து, அளந்து பார்த்து, கை கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

"போன தடவை பிள்ளை குறுக்கே கிடந்தது, வெட்டினேன். இப்போ தலை கீழே இருக்கு. இடுப்பெலும்பும் போதும். நீயே பெத்துக்கலாம். ஆனா உள்ளே இருக்கிறது சீழ் பிடிச்ச தையல். வலியில அது விட்டுப்போனா நீயும் பிள்ளையும் தப்புறது கஷ்டம்."

"வெட்டினா?"

"அந்தப் பயம் இல்லை. மயக்க மருந்து, ரத்தப்போக்கு, காய்ச்சல், அந்தப் பயம் உண்டு. நீ பட்டவதானே."

"நாள் தள்ளிப் போகுதே, அது?"

"பிள்ளை அசையுதா?"

"அசையவா? உதைக்கான்."

"அப்போ கொஞ்சம் பொறுக்கலாம். ரொம்பப் பொறுக்க மாட்டேன்."

உங்கள் தங்கச்சியாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "இதையேதான் சொல்வேன். வயிறு அவளுது" என்றார். எதுவானாலும் இனி சங்கரன்கோவிலுக்குத் திரும்பக் கூடாது, வலி அங்கே கண்டால் ரயில் வரும்வரை தாங்காது, இங்கேயே இரு என்றார்.

இருக்கிறேன் என்றேன். வலிக்குக் காத்திருப்பது, சித்திரை நாலு வரைக்கும். அதற்குள் வராவிட்டால் கத்தி. தையலில் கோளாறு தெரிந்தால் உடனே கத்தி. இது அவரும் நானும் பேசி முடித்தது.

இன்னொன்றும் கேட்டேன். அப்படி வெட்ட நேர்ந்தால், நான் கண் விழிக்கும்வரை பிள்ளையை வெளியே ஒருவருக்கும் காட்டக் கூடாது. "இது யாரும் கேட்டதில்லையே" என்றார். நான் கேட்கிறேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

உடுத்த சேலையோடு தங்கிவிட்டேன். இவர் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்ததும் கோமு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நல்லதுதான். கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

பங்குனி 26, சனி

ஆஸ்பத்திரிக் கஞ்சி. உப்பில்லை. எனக்கு இது வேண்டும்.

காலை வண்டியில் மூவரும் கோமுவோடு வந்து இறங்கினார்கள். அத்தை கையில் என் சேலைகள், மாமா கையில் துண்டில் சுற்றிய பஞ்சாங்கம். நேரே டாக்டரிடம் போய்விட்டார். கதவு திறந்தே இருந்தது, எல்லாம் கேட்டது.

டாக்டர் சொன்னார்: "தேவைப்பட்டா இந்த நிமிஷமே வெட்டுவேன். உங்க விசாகத்துக்காக வெட்ட மாட்டேன். உங்க மருமக வெட்டச் சொன்னா யோசிக்கிறேன். போய் அவகிட்ட கேளுங்க."

என்னிடம் கேட்பதா? மாமா இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்டது வெற்றிலைப் பெட்டி எங்கே என்று மட்டும்தான். கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். துண்டைப் பிரித்து மறுபடி பஞ்சாங்கத்தைச் சுற்றினார்.

"எனக்கு இருக்கது ஒரே பையன்மா. அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா நீயும்லா தனியா நிப்ப? திங்கக்கெழம சரின்னு ஒரு வார்த்த சொல்லு."

அந்தப் பயம் பொய்யில்லை. அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. கோபமாகப் பேசியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"போன தடவ நான் செத்துப் போயிருப்பேன் மாமா. அன்னைக்கு நாள் பாக்கலியே" என்றேன். "சரின்னு சொல்ல மாட்டேன்."

அத்தை: "ஏட்டி, பெரியவுக கெஞ்சுதாகட்டி."

"கெஞ்சட்டும் அத்தை."

இவரைத் தனியாகக் கேட்டேன். உங்களுக்குப் பயமா? பயந்தான் என்றார். அப்போ திங்கட்கிழமையா? "அறுக்கது ஒன் வயித்த. நான் எப்படி நாள் சொல்ல?" என்றார். இவர் வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிசு.

பங்குனி 28, திங்கள். விசாகம்

மாமாவின் நல்ல லக்னம் வந்தது. நான் நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தேன். லக்னம் போய்விட்டது. மாமா வேப்பமரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நர்ஸ் வந்து குழாய் வைத்துக் கேட்டாள். பிள்ளை நாடி நன்றாக இருக்கிறதாம். பயமே இல்லை என்று எழுத ஆசைதான். இருக்கிறது. பயந்துகொண்டே மாட்டேன் என்று சொல்ல முடிகிறது. அது போதும்.

பங்குனி 30, புதன்

சாயந்தரம். கோடை மழை நாலு துளி, மண்வாசனை. இடுப்பில் பிடித்து முன்னால் வருகிறது. விட்டு, மறுபடி. இதுதான். கோமுவுக்கு வந்ததுபோல் இழுபறி இல்லை. ஒழுங்காக வருகிறது.

வந்துவிட்டது! நானேதான்!

மாமா வாசலில் கத்துகிறார். "இன்னும் பங்குனிதான், விடியதுக்குள்ள எடுக்கச் சொல்லுங்க." நர்ஸ் அவரை வெளியே அனுப்பினாள். இனி எழுத மு

சித்திரை 4, ஞாயிறு

எழுதலாம் என்று இன்றைக்குத்தான் விட்டார்கள். படுத்தபடி. கையெழுத்துக் கோணல்.

அன்று நடந்தது. ராத்திரி முழுக்க நன்றாகத்தான் போனது. "இன்னும் கொஞ்சம்" என்று டாக்டரே சொன்னார். கிழக்கு வெளுக்கப் போகிற நேரத்தில் ஒன்று தெரிந்தது. வலி வந்து போன பிறகும் தழும்புக்குக் கீழே ஒரு இடம் மட்டும் விடவில்லை. சுட்ட இடம்போல் காந்தியது. டாக்டர் கை கழுவப் போயிருந்தார். யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்.

சொன்னால் கத்தி. விடிவதற்குள் கத்தி என்றால் மாமா கேட்டது கேட்டபடி நடந்துவிடும். இத்தனை நாள் போட்ட சண்டைக்கு என்ன அர்த்தம்? இன்னும் கொஞ்சம்தானே என்றார்கள், பல்லைக் கடித்துக்கொண்டால் என்ன? இரண்டு வலி நேரம் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. மாமா சொன்னதற்காக அறுத்துக்கொள்வதும் அவர் சொன்னதற்காக அறுக்காமல் சாவதும் ஒன்றுதானே. இரண்டிலும் அவர்தானே என் வயிற்றுக்கு எஜமான்?

"டாக்டரம்மா, தழும்பு காந்துது. விடவே மாட்டேங்குது" என்று கத்தினேன். ஓடிவந்து கை வைத்தார். முகம் மாறியது.

"என்ன சொல்றே?"

"வெட்டுங்க. எங்க மாமாட்ட சொல்லிருங்க, பங்குனிக்காக இல்லைன்னு."

முகத்தில் துணி. அந்த நாற்றம். அவ்வளவுதான்.

கண் விழித்தபோது பகல். அறையில் நர்ஸ் மட்டும். கையில் ஒரு துணிச் சுருள். "யாருக்கும் காட்டலை. டாக்டரம்மா உத்தரவு. வெளியே உங்க மாமனார் கதவை உடைக்காத குறை" என்றாள்.

பையன். இடது காது மடங்கியிருந்தது. நான்தான் நிமிர்த்தினேன். என்ன நிறம், யார் ஜாடை, எதுவும் யாரும் சொல்லவில்லை. நானே பார்த்தேன். அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை, வயிறு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் வலித்தது.

உள்ளே தையல் ஓரிடத்தில் காகிதம்போல் ஆகியிருந்ததாம். இன்னும் நாலு வலி தாங்கியிருக்காது என்றார் டாக்டர். "நீ சொன்னதால பிழைச்சே." சிரித்ததுபோல் இருந்தது. மயக்கத்தில் எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

சித்திரை 6, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. பால் இறங்கிவிட்டது. கோமு தம்பியைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பல்லே இல்ல" என்று போய்விட்டாள்.

மாமா நாலு நாளாக நர்ஸ்களை விசாரித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளை அழுதபோது வெயில் வந்ததா? வந்தது, ஜன்னல் வழியாக மேஜைமேல் அடித்தது என்று சொல்லிவிட்டார்கள். சூரியன் வந்துவிட்டதால் சித்திரை ஒன்று. கத்தியும் வந்தது, சித்திரையும் வந்தது.

இன்று ஜாதகம் குறிக்க உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "உதயத்துக்கு முன்னன்னு போட்டுருவோம்மா. பங்குனி கடைசி. நாலு பேருக்குத் தெரியவா போகுது?" என்றார்.

"மாட்டேன் மாமா. எம்புள்ள சித்திரையிலதான் பொறந்தான்."

"பிடிவாதம் பிடிக்காத."

"பிடிக்கத்தான் செய்வேன்."

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த அத்தை பட்டென்று மாமாவைப் பார்த்துச் சொன்னாள்: "ஒங்க மவனுக்கு எழுதுன மாதிரியா?"

மாமா எழுத எடுத்த பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

இவரா? இவர் சித்திரையா? சித்திரை ரெண்டாம் தேதியாம். மாமா பங்குனி என்று எழுதி வைத்திருக்கிறார். சித்திரைப் பிள்ளை தகப்பனுக்கு ஆகாது. அந்தத் தகப்பன் இதோ கல்லுப்போல் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார், காலையில் எட்டு இட்லி தின்றுவிட்டு.

மாமா கொஞ்சமும் கூசவில்லை. "அப்படி மாத்தி எழுதினதாலதாம்மா நான் இன்னைக்கும் இருக்கேன்" என்றார். நிஜமாகவே நம்புகிறார்.

இவர் தொட்டில் பக்கம் நின்றுகொண்டிருந்தார். பிள்ளையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். ஆக வேண்டிய கெடுதல் இவருக்குத்தானே. முகம் வெளுத்துத்தான் இருந்தது.

"சித்திரை ஒண்ணுன்னே எழுதுங்கப்பா" என்றார். "அப்படியே எனக்கும் திருத்தி எழுதிருங்க."

மாமா பென்சிலைத் தேடினார். காதில்தான் இருந்தது.