மேனேஜர் மெச்சிய மூக்கு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

பிரெஞ்சு ஒயினும் சீஸும் ருசி பார்க்க மேனேஜர் எங்களை அழைத்திருந்தார். வேலை நிரந்தரமாக வேண்டுமே என்று நானும் போனேன். பயப்படாதே, ஒயினை மோந்து பார்த்ததோடு சரி. அவர் கிளாஸைச் சுழற்றி, கண்ணை மூடி, "ரோஜா வாசம்" என்றார். உடனே அத்தனை பேருக்கும் ரோஜா மணத்தது! சீஸ் எப்படி என்று என்னிடம் கேட்டார். வாய்தவறி, "காயாத துணி நாத்தம் சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதேதாம்மா! அதுதான் இதுக்கு அழகே!" என்றார் அவர்.

சிரித்தவர்களே ஈரத்துணியைப் புகழ ஆரம்பித்தார்கள். வெட்கங்கெட்டவர்கள்!

என் படிப்பை மதிக்காத மனிதர், என் மூக்கை மெச்சி வேலையை நிரந்தரமாக்கிவிட்டார். இனி இங்கேயேதான். குக்கர் வாஷர் இரண்டு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதே, அம்மா.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்